எதற்காக மாற்றினாய்?

2006இல் டெபியன் லினக்ஸின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கத் தொகுப்புக்கு ஒரு சேஞ்ச்லாக் பதிவு எழுதப்பட்டது. துவக்க மதிப்பு தரப்படாத தரவை ரேண்டம் எண் உருவாக்கியில் சேர்ப்பதை நிறுத்தியாயிற்று. சம்பந்தமில்லாத நிரல்களில், நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டு கருவி பிழை காட்டுவது இனி நிற்கும். 363516ஆம் எண் வழு இதோடு முடிகிறது. பதிவின் சாரம் இவ்வளவுதான். என்ன மாற்றம், எதற்காக, எந்தப் புகாருக்குப் பதில் என்ற மூன்றும் இரண்டே வரியில் அடங்கிவிட்டன. குறிப்பு எழுதுவது எப்படி என்று பாடம் நடத்துகிறவர் எவரும் இதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்.

மாற்றம் நடந்த கோப்பில் ஒரே மாதிரி தோன்றும் வரிகள் இரண்டு இடங்களில் இருந்தன. ஓர் இடத்தில் இருந்தது போனால் நஷ்டமில்லை. மற்ற இடத்தில் இருந்ததோ, எங்கெங்கிருந்தோ திரட்டிய கணிக்க முடியாத விதைகள் எல்லாம் உள்ளே வரும் வாசல். இரண்டும் செயலிழக்கச் செய்யப்பட்டன. மிஞ்சியது இயங்கும் நிரலின் செயல் எண் மட்டும். அதற்கு உச்ச வரம்பு 32,768. அதாவது, ஒரே கட்டமைப்புள்ள கணினிகளில் ஒரே வகையும் அளவும் கொண்ட ரகசியச் சாவிகளை உலகம் முழுக்க எத்தனை லட்சம் பேர் உருவாக்கியிருந்தாலும், அவை அந்த 32,768க்குள் அடங்கிவிடும். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை இது வெளியே தெரியவில்லை. டெபியனில் ஒவ்வொரு தொகுப்பின் சேஞ்ச்லாகும் அதை நிறுவிய கணினியிலேயே சுருக்கப்பட்ட கோப்பாகக் கிடக்கும். ஓட்டையின் ஒப்புதல் வாக்குமூலம் அத்தனை கணினிகளிலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் திறந்தே இருந்தது.

கட்டற்ற மென்பொருள் உலகில் கமிட் குறிப்பு, சேஞ்ச்லாக் பற்றிய விவாதங்களில் பெரும்பகுதி வடிவத்தைப் பற்றியது: எத்தனை எழுத்து, எந்த வினைவடிவம், முன்னொட்டு வேண்டுமா. டெபியன் பதிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேறு கேள்விதான் எழுகிறது. யார், எப்போது, எதற்காகப் படிக்கப்போகிறார்கள்? இந்தத் துறையின் ஐம்பதாண்டு வரலாற்றை அந்தக் கேள்வியோடு பார்த்தால் பல சண்டைகள் ஒன்றுமில்லாமல் போகின்றன. கவனிக்காமல் விட்ட சில விஷயங்கள் பெரிதாகின்றன.

கேள்வி கேட்கும் பழக்கம் பதிப்புக் கட்டுப்பாட்டின் முதல் கருவியிலேயே இருந்தது. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் எழுதத் தொடங்கிய எஸ்சிசிஎஸ், மாற்றத்தைச் சேமிக்கும்போது திரையில் கருத்து கேட்கும். பத்தாண்டு கழித்து வால்டர் டிக்கி உருவாக்கிய ஆர்சிஎஸ் ஒருபடி மேலே போய், அந்தக் கருத்துகளை நிரல் கோப்பின் தலையிலேயே தானாக ஏற்றிவைக்கும் வசதி தந்தது. அதன் விளைவைப் பழைய நிரல்களைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள். முதல் நூறு வரி முழுக்க யாரோ எப்போதோ போட்ட தேதிகளும் பெயர்களும். நிரலைப் பார்க்கக் கீழே கீழே உருட்டிக்கொண்டே போகவேண்டும்.

அடுத்து வந்த சிவிஎஸ் பல கோப்புகளில் செய்த மாற்றத்தை ஒரே மாற்றமாகப் பதியாது. கோப்புக்குக் கோப்பு தனித்தனியே பதியும். பத்துக் கோப்பில் கைவைத்தால் ஒரே குறிப்பு பத்து இடத்தில் ஒட்டப்படும். பிற்பாடு அந்தக் களஞ்சியங்களை சப்வெர்ஷனுக்கும் கிட்டுக்கும் மாற்றியபோது, எந்தெந்த மாற்றம் ஒரே வேலையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது: அதே ஆள், அதே குறிப்பு, சில நிமிட இடைவெளி. உடைந்த வரலாற்றை ஒட்டவைத்த பசை அந்தக் குறிப்புகள்தான். சோம்பேறித்தனமாக எல்லாவற்றுக்கும் 'திருத்தம்' என்று போட்டவர்களின் மாற்றங்களைப் பிரித்தெடுக்கக் கடிகாரத்தைத் தவிர வேறு துணை இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் க்னூ திட்டம் பின்பற்றிய வழி, சேஞ்ச்லாக் என்ற தனிக் கோப்பு. தேதி, பெயர், மின்னஞ்சல். கீழே உடுக்குறி போட்டுக் கோப்பின் பெயர், அடைப்புக்குள் ஃபங்ஷனின் பெயர், பிறகு என்ன மாறியது. ஈமாக்ஸில் கண்ட்ரோல்-எக்ஸ், 4, ஏ என்று அடித்தால் நீங்கள் நிற்கும் ஃபங்ஷனின் பெயரோடு பதிவு தயாராகத் திறக்கும். க்னூ விதிகளில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது ஒன்று உண்டு. மாற்றத்தின் நோக்கத்தை அங்கே முழுதாக விளக்க வேண்டியதில்லை, விளக்கம் தேவைப்பட்டால் அதை நிரலுக்குள்ளேயே எழுது என்கின்றன அவை. இன்று 'ஏன்' என்பதே குறிப்பின் உயிர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்று அதை வேண்டுமென்றே வெளியே நிறுத்தினார்கள். நிரலைப் படிக்கிறவன் சேஞ்ச்லாகைத் தேடிப் போகமாட்டான் என்ற அவர்களின் கணிப்பு தவறென்றும் சொல்ல முடியாது.

பயனருக்கு என்று அவர்கள் நியூஸ் என வேறொரு கோப்பு வைத்தார்கள். நிரலருக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று என்ற இந்தப் பிரிவினைதான் க்னூ விட்டுச்சென்ற உருப்படியான சொத்து என்பேன். சேஞ்ச்லாக் கோப்பு நிலைக்கவில்லை. புதுப் பதிவு எப்போதும் கோப்பின் உச்சியிலேயே வருவதால், இரண்டு பேர் தனித்தனியே வேலை செய்து சேர்த்தால் அந்த உச்சியில் மோதல் நிச்சயம். இதைச் சமாளிக்கவே ஒரு தனி மெர்ஜ் கருவி எழுதவேண்டி வந்தது. ஈமாக்ஸ் 2014இல் கிட்டுக்கு மாறியபின் கையால் சேஞ்ச்லாக் எழுதுவதை விட்டது. சி நூலகமான ஜிலிப்சி 2019இல் விட்டது. ஜிசிசி 2020இல் ஒரு சமரசத்துக்கு வந்தது. பதிவை கமிட் குறிப்புக்குள் அதே பழைய வடிவில் எழுதவேண்டும். தினம் ஒருமுறை ஒரு நிரல் வந்து கோப்பில் சேர்த்துவிடும். வடிவம் பிசகினால் கமிட்டே உள்ளே நுழையாது.

லினக்ஸ் கெர்னல் எதிர்த்திசையில் போனது. இன்று அதன் ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கமிட்கள் சேர்கின்றன. பேட்ச் மின்னஞ்சலில் வரும். மடலின் உடல் அப்படியே கமிட் குறிப்பாகிவிடும். ஆகவே அது ஆரம்பம் முதலே வாதாடும் உரைநடை: பிரச்சினை இது, யாருக்கு எப்படி வலிக்கிறது, இந்த வழியை ஏன் தேர்ந்தேன். ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போகிற, நேரமில்லாத ஒருவரை இணங்கவைக்க எழுதியது, பத்து வருடம் கழித்து, எந்த வரி எந்த கமிட்டில் வந்தது என்று ப்ளேம் போட்டுப் பார்க்கிறவருக்கும் உதவுகிறது. இரண்டு பேருடைய கேள்வியும் ஒன்றாக இருப்பதுதான் காரணம்.

உரைநடைக்குக் கீழே வால்போலத் தொங்கும் வரிகள் தனிக் கதை. 2003இல் எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸில் தன் நிரல் கலந்திருப்பதாக வழக்குத் தொடுத்தது. எந்த வரி யார் வழியாக வந்தது என்று காட்டவேண்டிய நெருக்கடி. 2004இல் 'சைண்ட்-ஆஃப்-பை' என்ற ஒப்பம் வந்தது: இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொருவரும் பெயரிட்டு ஒப்புவது. நீதிமன்றப் பயத்தில் பிறந்த வரிக்குப் பின்னால் பரிசீலித்தவர், சோதித்தவர், புகார் சொன்னவர் என்று வரிசை நீண்டது. 'ஃபிக்ஸஸ்' என்ற வரி அவற்றில் முக்கியமானது. எந்தப் பழைய கமிட் வழுவைக் கொண்டுவந்ததோ, அதன் ஹாஷில் முதல் 12 எழுத்தும் தலைப்பும் அதில் இருக்கும். இந்த ஒரு வரியை வைத்துத்தான் எந்தெந்தப் பழைய பதிப்புக்குத் திருத்தம் போகவேண்டும் என்று பராமரிப்பாளர்கள் பார்க்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கெர்னல் குழு ஓட்டைகளுக்கான பாதுகாப்பு அடையாள எண்களைத் தானே வழங்கும் பொறுப்பை ஏற்றபின், எந்தப் பதிப்புகளில் ஓட்டை இருக்கிறது என்ற கணக்குக்கும் இதுவே ஆதாரம். எழுதும்போது அலட்சியமாக ஒரு ஹாஷை மாற்றிப் போட்டால், எங்கோ ஒரு வங்கியின் பாதுகாப்பு அறிக்கை தவறாகும்.

ஐம்பது எழுத்து விதிக்கு வருவோம். 2008இல் டிம் போப் எழுதிய சிறு குறிப்பு இதைப் பரப்பியது: தலைப்பு 50 எழுத்துக்குள், ஒரு வெற்று வரி, பிறகு 72இல் மடக்கிய பத்திகள், தலைப்பில் ஏவல் வினை. திரையின் அகலத்தையும் கிட் வரலாற்றைக் காட்டும் விதத்தையும் வைத்துப் பிறந்த விதி. ஏவல் ஏன் என்றால், கிட் தானாக எழுதும் குறிப்புகளும் அந்த வடிவில்தான் இருக்கின்றன; கெர்னல் ஆவணமோ நிரலுக்கு நாம் கட்டளையிடுவதுபோல எழுது என்கிறது.

இதைத் தமிழில் செய்து பார்த்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. என் சொந்தச் சில்லறைத் திட்டங்களில் நான் தமிழில் குறிப்பு எழுதுவதுண்டு. 'பட்டியலைத் தேதி வரிசையில் அடுக்கும்போது வரும் பிழையைத் திருத்து' என்று ஒருமுறை எழுதினேன். யுனிகோடு குறிகளை எண்ணினால் சரியாக ஐம்பதாவது இடம் 'பிழை' என்ற சொல்லின் முடிவில் விழுகிறது. அங்கே வெட்டும் கருவியில் மிஞ்சுவது 'பட்டியலைத் தேதி வரிசையில் அடுக்கும்போது வரும் பிழை'. திருத்தம் புகாராகிவிட்டது! ஆங்கிலத்தில் ஏவல் வினை முன்னால் நிற்கும். நமக்கு வாக்கியத்தின் வாலில். விதியை உண்டாக்கியவர்கள்மேல் குற்றமில்லை. அது அவர்கள் மொழியின் இலக்கணத்தோடு பிறந்த விதி. ஆகவே நான் 'திருத்தம்: பட்டியலின் தேதி வரிசை' என்று பெயர்ச்சொல்லை முன்னே நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

அப்படிச் செய்தபோதுதான் கவனித்தேன், கன்வென்ஷனல் கமிட்ஸ் கூட்டத்தோடு என்னையறியாமல் சேர்ந்துவிட்டேன் என்று. ஆங்குலர் திட்டத்தின் பழக்கத்திலிருந்து வளர்ந்து 2019இல் 1.0 ஆன இந்த ஏற்பாட்டில், ஒவ்வொரு தலைப்பும் 'ஃபீட்', 'ஃபிக்ஸ்' போன்ற ஒரு சொல்லோடு தொடங்கவேண்டும். படிக்க வசதி என்பது பக்கப்பலன்தான். உண்மையான இலக்கு எந்திரம். 'ஃபிக்ஸ்' என்றால் பதிப்பு எண்ணின் கடைசி இலக்கம் கூடும், 'ஃபீட்' என்றால் நடு இலக்கம், பழையதை முறிக்கும் மாற்றம் என்று குறித்தால் முதல் இலக்கம். செமான்டிக்-ரிலீஸ் போன்ற கருவிகள் குறிப்புகளை வாசித்து எண்ணை முடிவுசெய்து, சேஞ்ச்லாகை அச்சிட்டு, வெளியிட்டும் விடுகின்றன. மனிதக் கை படவேண்டியதே இல்லை.

சிறு நூலகங்களுக்கு இது வரப்பிரசாதம். பராமரிப்பவர் ஒற்றை ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒரு மாற்றம் யாரையாவது முறிக்குமா என்பதை, அதைச் செய்தவரே செய்த நிமிடத்திலேயே அறிவார் என்ற நம்பிக்கைமேல் நிற்கும் கட்டடம் இது. 2020 ஏப்ரலில் இஸ்-ப்ராமிஸ் என்ற, சில வரிகளே கொண்ட ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் 2.2.0 என்று வந்தது. நடு இலக்கம் கூடியது, அதாவது புது வசதி, பழையது உடையாது என்று பொருள். அதை எங்கோ அடியில் சார்ந்திருந்த பெரிய கருவிகள் அன்று வரிசையாக விழுந்தன. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இந்தத் தானியங்கிப் போக்குக்கு நேரெதிரானது 2014இலேயே ஒலிவியே லகான் தொடங்கிய 'கீப் எ சேஞ்ச்லாக்'. கிட் பதிவுகளை அப்படியே கொட்டி அதற்குச் சேஞ்ச்லாக் என்று பெயர் வைக்காதே என்பது அதன் முழக்கம். சேர்த்தவை, மாறியவை, கைவிடப்போகிறவை, நீக்கியவை, திருத்தியவை, பாதுகாப்பு என்று ஆறு தலைப்பு. இவற்றில் 'கைவிடப்போகிறவை' என்பதை எந்த கமிட்டிலிருந்தும் எந்திரம் ஊகித்துவிட முடியாது; அது எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதி, நடந்துமுடிந்த வேலை அல்ல.

கையால் எழுதுவதன் உச்சம் போஸ்ட்கிரெஸ். ஆண்டுதோறும் வரும் பெரிய வெளியீட்டுக்குப் பல ஆண்டுகளாக ப்ரூஸ் மோம்ஜன் உட்கார்ந்து, அந்தச் சுழற்சியின் ஆயிரக்கணக்கான கமிட்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, இருநூறு வாக்கில் பயனருக்கான வரிகளாகச் சுருக்குகிறார். மூல ஆவணத்தைத் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத கருத்தாக, அது எந்தெந்த கமிட்களிலிருந்து வந்தது என்று தேதியோடும் ஹாஷோடும் எழுதியிருக்கும். ஆறு கமிட் சேர்ந்து ஒரு வரியாகும். நூறு கமிட் ஒரு வரியும் ஆகாமல் போகும், ஏனென்றால் அவை உள்வீட்டுச் சுத்திகரிப்பு. எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் இங்கே பெரும்பாதி வேலை. எல்லாத் திட்டத்துக்கும் இப்படி ஓர் ஆள் கிடைப்பாரா என்பது நியாயமான கேள்வி. கிடைக்கமாட்டார்.

நடுவழி ஒன்று உண்டு, அதுவே என் தேர்வு. பைத்தானின் நியூஸ் கோப்பிலும் க்னூ பட்ட அதே மோதல் இருந்தது. 2017இல் திட்டம் கிட்ஹப்புக்கு நகர்ந்தபோது லாரி ஹேஸ்டிங்ஸ் எழுதிய ப்ளர்ப் என்ற கருவி வந்தது. பெரிய கோப்பில் யாரும் கைவைக்க வேண்டாம். மாற்றத்தோடு சேர்த்து ஒரு துண்டுச் சீட்டை, தேதியும் எண்ணும் பெயராகக் கொண்ட சிறு கோப்பாக, ஒரு அடைவில் போட்டுவிட வேண்டும். வெளியீட்டு நாளில் சீட்டுகள் ஒன்றுசேர்க்கப்படும். ட்விஸ்டட் திட்டத்தின் டவுன்கிரையர், ஓப்பன்ஸ்டாக்கின் ரீனோ எல்லாம் இதே குடும்பம். மோதல் ஒழிந்தது ஒரு லாபம். என் கண்ணில் பெரிய லாபம் வேறு. நிரலைப் பரிசீலிக்கிறவர் அந்தச் சீட்டையும் பரிசீலிக்கிறார். பயனருக்குச் சொல்லும் வாக்கியத்தை மாற்றம் சூடாக இருக்கும்போதே, அதைச் செய்தவரே எழுதுகிறார், கமிட் குறிப்பிலிருந்து பிரித்து.

டெபியனில் சேஞ்ச்லாக் வெறும் வாசிப்புக்கு மட்டும் அல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தொகுப்பின் பதிப்பு எண் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினால், அது சேஞ்ச்லாகின் முதல் வரியில்தான் இருக்கும். கட்டும் கருவி அங்கிருந்துதான் எண்ணை எடுக்கிறது. பதிவெழுதாமல் புதுப் பதிப்பே கிடையாது. ஒப்ப வரியில் மின்னஞ்சலுக்கும் தேதிக்கும் நடுவே இரண்டு இடைவெளி இருக்கவேண்டும். ஒன்று போட்டால் கருவி முறைத்துக்கொள்ளும். முதல்முறை அந்த ஒற்றை இடைவெளியைத் தேடி நான் ஒரு மாலையைத் தொலைத்தேன்.

தவறாக எழுதிவிட்டால் திருத்தலாமா? கிட்டில் குறிப்பும் ஹாஷ் கணக்குக்குள் அடக்கம். ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த கமிட்டும் அதற்குப் பின்வந்த அத்தனையும் வேறு அடையாளம் பெறும். பிறர் கைக்குப் போய்விட்ட வரலாற்றில் அது நடக்கிற காரியமில்லை. எஸ்கியூலைட் குழு பயன்படுத்தும் ஃபாசில் வேறு வழி பிடித்தது: பழைய குறிப்பு அப்படியே இருக்கும், அதன்மேல் திருத்தச் சீட்டு ஒன்று ஒட்டப்படும், காட்டும்போது புதியது தெரியும். எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது. நள்ளிரவில் நான் போட்ட 'ஃபிக்ஸ்', 'ஃபிக்ஸ் 2', 'இது நிஜமாகவே ஃபிக்ஸ்' எல்லாம் ஒரு பழைய வேலையிடத்தின் களஞ்சியத்தில் சாகாவரம் பெற்றுக் கிடக்கின்றன.

அந்த விஷயத்தில் நான் தனியாள் இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. 23,000க்கு மேற்பட்ட ஜாவா திட்டங்களை அலசிய 2013ஆம் ஆண்டு ஆய்வு, சுமார் 14 சதவீதக் குறிப்புகள் வெறுமையாகவே இருந்ததைக் கண்டது. சுறுசுறுப்பான ஐந்து திட்டங்களில் என்ன, ஏன் என்ற இரண்டையும் அளவுகோலாக வைத்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், ஏறத்தாழ 44 சதவீதக் குறிப்புகள் மேம்படுத்த வேண்டியவை. எந்திரமே எழுதட்டும் என்ற யோசனையும் பழையதுதான். 2017இல் நியூரல் மொழிபெயர்ப்பு முறையில் கமிட் குறிப்பை உருவாக்கிய ஆய்வு நல்ல மதிப்பெண் வாங்கியது. மறுவருடம் வேறொரு குழு சோதனைத் தரவில் 16 சதவீதம் தானியங்கிக் குப்பைக் குறிப்பு என்று காட்டி அதை நீக்கியது. மதிப்பெண் பாதிக்கும் கீழே விழுந்தது. இன்றைய பெரிய மாடல்கள் எவ்வளவோ மேல். டிஃப்பைப் பார்த்து என்ன மாறியது என்று மணிமணியாக எழுதிவிடுகின்றன. ஏன் என்பது டிஃப்புக்குள் இல்லாதபோது அவை என்ன செய்யும்? பொருத்தமான ஒரு காரணத்தைப் புனையும். அதைப் படிக்கிறவர் நம்புவார்.

பொருத்தமான காரணத்தின் ஆபத்துக்கு 2024ஐவிட நல்ல சாட்சி வேண்டாம். மார்ச் 9ஆம் தேதி எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் களஞ்சியத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒரு கமிட். இரண்டு சோதனைக் கோப்புகள் மாற்றப்பட்டன. முன்பு அவை என் கணினியில் மட்டும் உள்ள ரேண்டம் தரவால் உருவானவை, இனி யாரும் மறுபடி உருவாக்க வசதியாக நிலையான விதையைக் கொண்டு மறுபடி செய்திருக்கிறேன் என்றது குறிப்பு. தலைப்பு கச்சிதம், காரணம் நியாயம், மொழி அடக்கம். கோப்புகளுக்குள் இருந்ததோ பின்கதவு. முதல் வடிவம் வால்கிரைண்டில் பிழை கிளப்பியது. அதை மறைக்கத்தான் இந்த மாற்றமே. 2006இல் வால்கிரைண்டை அமைதிப்படுத்தப் போய் ஓட்டை விழுந்தது. 2024இல் ஓட்டையை மறைக்க வால்கிரைண்டை அமைதிப்படுத்தினார்கள். மார்ச் 29இல் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலர் இதை வெளிப்படுத்தினார். அவரை உறுத்தியவற்றில் உள்நுழைவில் கூடிய அரை நொடித் தாமதமும் உண்டு, முன்பே கண்ணில் பட்டிருந்த அந்த வால்கிரைண்டு முணுமுணுப்பும் உண்டு. குறிப்பை எந்த வடிவச் சோதனைக் கருவியில் போட்டிருந்தாலும் முழு மதிப்பெண்ணோடு தேறியிருக்கும்.

சிலநாள் கழித்து, மூலப் பராமரிப்பாளர் லாசே காலின் பின்கதவை அகற்றும் கமிட்டை இட்டார். பிற்பாடு அதைத் தேடிப் படித்தபோது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. தலைப்பில் எந்தப் பதிப்புகள், எந்தப் பாதுகாப்பு எண் என்ற விவரம். கீழே ஏன் நீக்குகிறோம் என்பதற்குக் காரணங்கள், முறையாகக் கோடு போட்டு: இயங்கு நிரலை மூலமின்றி இருமக் குவியலாக வைத்திருந்தது டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளுக்கு அப்பட்டமான விரோதம், போட்கள் ஓயாமல் தட்டும் கணினிகளில் இது சிபியு சுமையைக் கூட்டியதால் பயனர்களிடம் நல்ல பெயர் இல்லை, இதைச் சேர்த்த பராமரிப்பாளரைக் காணவில்லை, பின்கதவுகள் பாதுகாப்புக்குக் கேடு. அதற்கும் கீழே, எந்தெந்தப் பழைய கமிட்கள் இத்துடன் திரும்பப் பெறப்படுகின்றன என்ற பட்டியல். மார்ச் 9ஆம் தேதிக் குறிப்பு இன்றும் அந்த வரலாற்றில் அதே இடத்தில், அதே பணிவோடு இருக்கிறது.